ஸ்டேக்குக்கு 300 டாலர்: கறிக்கடைக்காரர் மகளின் கணக்கு

என் அப்பா மார்த்தாண்டத்தில் 34 வருடம் மாட்டுக்கறிக் கடை நடத்தியவர். அவர் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: இன்று அறுத்தது இன்றே விற்றுத் தீர வேண்டும். விடியற்காலையில் புளியமரக் கட்டையில் ஏறிய கறி பதினொரு மணிக்கு மேல் மிஞ்சினால் விலை இறங்கும். மாலையிலும் மிஞ்சினால் வீட்டுக்கு வரும். அம்மா அதில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் உப்புக்கண்டம் போடுவார். அப்படிப்பட்ட மனிதரை, வாரக்கணக்கில் வைத்திருந்த மாட்டுக்கறியைத் தடித்த துண்டாகச் சுட்டு, ஸ்டேக் என்று தரும் ஒரு நியூயார்க் கடைக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். மூன்று பேருக்கு வந்த பில் 300 டாலரை நெருங்கியது. நான் மருத்துவமனையில் நர்ஸ். 12 மணி நேர ஷிப்ட் ஒன்றுக்குப் பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளத்தில் முக்கால் பங்கு அது.

தகுமா என்று ஊரிலிருந்தும் இங்கிருந்தும் கேட்டுவிட்டார்கள். தகும் என்பதுதான் என் பதில். ஆனால் எந்தக் கடையிலும், எதைக் கேட்டாலும் தகும் என்று சொல்ல மாட்டேன். அதை நாங்கள் பணம் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, எங்கள் திருமண நாளுக்காக மன்ஹாட்டனில் ஒரு பெரிய ஸ்டேக் ஹவுஸுக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். வெள்ளை மேசை விரிப்பு, மெழுகுவர்த்தி, ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் ரொட்டி வைக்க, ஒருவர் உணவு கேட்க. மெனுவில் பாதி இடங்களில் விலையே இல்லை. 'சந்தை விலை' என்று மட்டும் போட்டிருந்தது. நான் ஃபிலே மின்யோன் என்ற எலும்பில்லாத மிருதுவான துண்டைக் கேட்டேன். வரும்போது அதன் மேல் வெண்ணெய், மிளகுச் சாறு, வறுத்த காளான் எல்லாம் இருந்தன. மிதமாகச் சுட்டுத் தரச் சொல்லியிருந்தேன். வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கச் சாம்பல் நிறம். உருளைக்கிழங்குக்குத் தனி விலை, கீரைக்குத் தனி விலை, சாஸுக்குக்கூடத் தனி விலை. ஒயின் இரண்டு கோப்பை. இரண்டு பேருக்கு 380 டாலர் கொடுத்துவிட்டு, ரயிலில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நியூ ஜெர்சிக்குத் திரும்பினோம். அந்த இரவின் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பணம் போனதைவிட, நல்ல கறியை ஒருவர் பாழாக்கியதும் அதை இன்னொருவர் சாஸால் மூடி அனுப்பியதும்தான் என்னைச் சுட்டது. கறிக்கடைக்காரர் மகளுக்கு அது பொறுக்காது.

அதனால்தான் அப்பா சென்ற நவம்பரில் வந்தபோது, மறுபடியும் ஸ்டேக்கா என்று என் கணவர் தயங்கினார். நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம் அப்பாவின் பல். அவருக்கு 72 வயது. மேல் வரிசையில் கடைவாய்ப் பற்கள் ஒன்றுகூட இல்லை. வாழ்நாள் முழுக்கக் கறி விற்றவர், நான்கு வருடங்களாகக் குக்கரில் ஏழு விசில் விட்டு நார்நாராகப் பிரிந்த கறியைத்தான் சாப்பிடுகிறார். மெல்லாமல் கரையும் கறி என்று ஒன்று உண்டானால் அதை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தது.

முதலில் சாப்பிட அழைத்துப் போகவில்லை. பார்க்க அழைத்துப் போனேன். மன்ஹாட்டனில் 52-ஆவது தெருவில் கேலகர்ஸ் என்று ஒரு பழைய ஸ்டேக் ஹவுஸ் இருக்கிறது. அவர்கள் கறியைப் பக்குவப்படுத்தும் குளிர் அறை தெருவைப் பார்த்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கலாம். அடுக்கடுக்காக முதுகுக் கண்டங்கள். வெளிப்புறம் கறுத்து, காய்ந்து, பழைய தோல் செருப்பைப் போல் சுருங்கியிருந்தன. கொழுப்பு மஞ்சளோடியிருந்தது. அப்பா கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு நெருங்கி நின்றார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். நான் எதுவும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி, "மக்களே, இது எத்தனை நாள் ஆனது?" என்று கேட்டார். பிள்ளையை அப்படி அழைப்பது எங்கள் ஊர் வழக்கம். மூன்று நான்கு வாரம் இருக்கும் என்றேன். "நம் ஊரில் இதைக் கடையில் தொங்கவிட்டால் சுகாதாரத் துறைக்காரன் வருவதற்கு முன்பே சனங்கள் என்னை அடித்துவிடுவார்கள்" என்றார். ஆனால் முகத்தில் வெறுப்பு இல்லை. தன் தொழிலில் தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று கண்ட மனிதரின் முகம் அது.

நடந்துகொண்டே அவருக்குப் புரியும்படி விளக்கப் பார்த்தேன். பாதி அவருக்கே தெரிந்திருந்தது. "அறுத்த சூட்டோடு சமைத்தால் கறி மெதுவாக இருக்கும். சில மணி நேரம் போனால் இறுகிவிடும். நாம் விற்பது பெரும்பாலும் அந்த இறுகிய நேரத்தில்தான். அதனால்தான் அவ்வளவு நேரம் வேகவைக்கிறோம்" என்றார். மருத்துவத்தில் ரிகர் மார்டிஸ் என்று நாங்கள் படித்ததை அவர் கத்தி முனையில் படித்திருக்கிறார். அந்த இறுக்கம் விட்ட பிறகும் கறியைக் காத்து வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் பார்க்காத பகுதி. உறைநிலைக்குச் சற்று மேலே, ஒன்று முதல் மூன்று டிகிரி செல்சியஸ் குளிரில், காற்று ஓட்டத்தோடு வைத்தால், தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் நொதிகளே நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடுகின்றன. ஈரம் ஆவியாகச் சுவை இறுகுகிறது. வெளியே காய்ந்த பொருக்கைச் சீவி எறிய வேண்டும். நீர் வற்றியதும் சீவியதும் சேர்ந்து எடையில் கால் பங்குக்கு மேலேயே போய்விடலாம். உப்புக்கண்டத்துக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இதற்குக் குளிரும் பொறுமையும் போதும். "எடை போகிறதா?" என்று அப்பா அந்த ஓர் இடத்தில் மட்டும் நின்றார். கிராம் கணக்கில் வாழ்ந்தவருக்கு விலை ஏன் ஏறுகிறது என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாப்பிடப் போனது புரூக்ளினில் உள்ள பீட்டர் லூகர். வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் அடிவாரத்தில் இருக்கிறது. 1887-இல் தொடங்கிய கடை. அந்தப் பாலமே 1903-இல்தான் திறக்கப்பட்டது. மேசை விரிப்பு கிடையாது. தேய்ந்த மரமேசை, மரத்தரை, வெள்ளை ஏப்ரனும் கறுப்பு போ-டையும் கட்டிய பரிமாறுபவர்கள். மெழுகுவர்த்தி இல்லாததே எனக்கு முதல் நிம்மதி.

இந்தக் கடையை நான் தேர்ந்ததற்கு அதன் கதையும் ஒரு காரணம். 1950-இல் கடை ஏலத்துக்கு வந்தபோது, எதிர்ப்புறம் உலோகச் சாமான் தொழிற்சாலை வைத்திருந்த சால் ஃபோர்மன் என்ற வாடிக்கையாளர் அதை வாங்கினார். கறி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவர் மனைவி மார்ஷாவிடம் வந்தது. அந்த அம்மாள் அரசின் இறைச்சித் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் பாடம் படித்து, ஆண்கள் மட்டுமே புழங்கிய மொத்த இறைச்சிச் சந்தைக்கு நேரில் போய்க் கண்டம் கண்டமாகப் பார்த்து வாங்கினார். பிறகு மகள்களும் பேத்தியும் அதே வேலையைச் செய்தார்கள். எனக்குப் பத்து வயதில் கடைக்குப் போய்க் கல்லாவில் உட்காரலாம், கத்தியைத் தொடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. தம்பிக்கு அந்த விதி இல்லை. மேசையில் உட்கார்ந்து மார்ஷாவின் கதையை அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தண்ணீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீயும் பார்த்து வாங்கியிருப்பாய்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மூன்று பேர் போனாலும் இரண்டு பேருக்கான போர்டர்ஹவுஸ் ஒன்றுதான் கேட்டோம். அது போதும், மிஞ்சியும் போனது. கூடவே தடித்த பன்றிக்கறித் துண்டு ஆளுக்கு ஒன்று, வறுத்த உருளைக்கிழங்கு, பாலாடை சேர்த்து மசித்த கீரை. பன்றிக்கறியை மட்டும் தவறவிடாதீர்கள். விரல் தடிமனில் வெட்டி, ஓரம் கருகச் சுட்டுத் தருகிறார்கள். கீரையை அப்பா ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்.

போர்டர்ஹவுஸ் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது பணத்துக்கு நல்லது. நடுவில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் எலும்பு. ஒரு பக்கம் முதுகுக்கறி, மறு பக்கம் முதுகெலும்புக்கு உள்புறத்து மிருதுவான கறியான அண்டர்கட். அண்டர்கட் பக்கம் குறைந்தது ஒன்றேகால் அங்குல அகலம் இருந்தால்தான் அமெரிக்க விதிப்படி அதற்கு அந்தப் பெயர். அதைவிடக் குறைந்தால் டி-போன். மிருதுவான பகுதியும் சுவை கூடிய பகுதியும் ஒரே எலும்பில் கிடைக்கும் இடம் இது. தட்டு வந்ததும் அப்பா எலும்பைப் பார்த்தே இரண்டையும் சொல்லிவிட்டார். "இந்தப் பக்கம் அண்டர்கட். மாட்டுக்கு வேலையே இல்லாத தசை. திருவனந்தபுரத்து ஓட்டல்காரர்கள் முந்தின நாளே சொல்லிவைத்து வாங்கிப் போவார்கள்."

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீள்வட்டப் பீங்கான் தட்டு, தொட முடியாத சூட்டில் வருகிறது. பரிமாறுபவர் ஒரு சிறிய தட்டைக் கவிழ்த்துவைத்து அதன் மேல் இதன் ஒரு முனையை ஏற்றுகிறார். தட்டு சரிந்து நிற்கிறது. உருகிய வெண்ணெயும் கொழுப்பும் கறிச்சாறும் தாழ்ந்த முனையில் குளம் கட்டி, இன்னும் கொதித்துக்கொண்டிருக்கின்றன. கறி ஏற்கெனவே விரல் விரலாக வெட்டப்பட்டு எலும்பைச் சுற்றித் திரும்ப அடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கரண்டிகளால் துண்டுகளை எடுத்து நம் தட்டில் வைத்துவிட்டு, அந்தக் குளத்திலிருந்து ஒரு கரண்டி மொண்டு மேலே ஊற்றுகிறார். மேல் புறம் கரிக்கு ஒரு படி முன்னால் நிற்கும் கரும்பழுப்பு. அதற்குக் கீழே அரை விரலுக்கும் குறைவான பழுப்புப் பட்டை. மற்றதெல்லாம் ரோஜா நிறம். உப்பைத் தவிர வேறு மசாலா எதுவும் நாக்கில் தட்டவில்லை.

என் கணவர் தட்டில் தேங்கிய சிவப்பைப் பார்த்து, "மாமா, ரத்தமாக இருக்கிறதே" என்றார். அப்பாவுக்கு வந்த வேகம் இருக்கிறதே! "ரத்தம் அறுக்கும்போதே வடிந்துபோகும் மாப்பிள்ளை. நின்றால் கறி கறுத்து நாறும். இது கறியின் தண்ணீர். சாப்பிடுங்கள்." அவர் சொன்னது சரி. அது மயோகுளோபின், தசை தனக்கென்று ஆக்ஸிஜனைச் சேர்த்துவைக்கும் புரதம். ஊரில் கறி வெந்து பழுப்பானதையே பார்த்து வளர்ந்த நமக்கு அந்த நிறம் அச்சம் தருவது இயல்பு. சுமார் 55 டிகிரி செல்சியஸில் எடுத்தால்தான் அந்த நிறமும் ஈரமும் நிற்கும். எழுபதைத் தாண்டினால் நாம் கொடுத்த காசு ஆவியாகிவிட்டது என்றே பொருள். நன்றாக வேகவைத்த கறிதான் வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து இதற்குச் செலவழிக்காதீர்கள். வீட்டில் தேங்காய்க் கொத்து போட்டு வறுத்து, மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிடுங்கள். அது இதற்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை.

அப்பா முதலில் அண்டர்கட் துண்டை எடுத்தார். முன்பற்களால் கடித்து, நாக்கால் அண்ணத்தில் வைத்து அழுத்தினார். கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. விழுங்கிய பிறகு அடுத்த துண்டை எடுத்தார். மூன்றாவது துண்டு முதுகுக்கறி. அதைக் கொஞ்சம் நேரம் எடுத்து மென்றார். "இதில்தான் ருசி. ஒரு வாசனை இருக்கிறது. நெய் காய்ச்சின பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்குமே, அது" என்றார். வாரக்கணக்கில் காத்து வைத்த கறியின் மணத்தை இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பருப்பு மணம் என்பார்கள், பாலாடைக்கட்டி என்பார்கள். நெய்க்கசடு என்றதும்தான் எனக்கு நாக்கில் பிடிபட்டது. கடைவாய்ப் பல் இல்லாத அந்த மனிதர் அன்று ஒன்பது துண்டு சாப்பிட்டார். எண்ணினேன்.

ஒரு சாஸ் மேசையிலேயே இருக்கும், இனிப்பும் புளிப்புமாக. அதை ரொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கறியில் ஊற்றாதீர்கள். மாவு இனிப்புகளோடு வரும் அடித்த பாலாடை மலைபோல் இருக்கும். ஒன்றை மூவரும் பகிர்ந்துகொண்டோம். பில்லோடு தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் காசுகள் தருகிறார்கள். அப்பா அதைப் பேரனுக்கென்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இதே கடைக்கு 2019-இல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை. 2022-இல், உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷலின் வழிகாட்டி கொடுத்திருந்த நட்சத்திரமும் போனது. இரண்டையும் தெரிந்தேதான் போனேன். எங்கள் மேசைக்கு வந்த கறியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இனி காசு. வீட்டில் செய்ய முடியாதா? முடியும், முக்கால் வாசி. அமெரிக்காவில் மாட்டுக்கறிக்கு பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் பிரிக்கிறார்கள். தசைக்குள் கொழுப்பு எவ்வளவு மெல்லிய இழையாக ஓடுகிறது என்பதுதான் முக்கிய அளவுகோல். பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். மேல்தரமான பிரைம், காஸ்ட்கோ என்ற பெரிய மொத்த விலைக் கடையிலேயே கிடைக்கிறது. பவுண்டு 20 டாலரை ஒட்டிய விலையில் முதுகுக்கறி வாங்கி, முந்தின நாளே உப்புத் தடவி, இரும்புச் சட்டியில் சுட்டிருக்கிறேன். அந்த மன்ஹாட்டன் இரவைவிட நன்றாகவே வந்தது. வீட்டில் வராதவை இரண்டு. ஒன்று, வாரக்கணக்கில் காத்து வைத்த கறியின் அந்த மணம். இன்னொன்று நெருப்பு. என் அடுப்பு 550 ஃபாரன்ஹீட்டோடு நின்றுவிடுகிறது. ஸ்டேக் ஹவுஸ் அடுப்புகள் 800-ஐத் தாண்டும். மேலே அப்படிக் கருகி உள்ளே அப்படி ரோஜாவாக நிற்க அந்தச் சூடு வேண்டும்.

ஆகவே பணம் கொடுப்பதென்றால் இந்த இரண்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஃபிலே மின்யோன் தனியாகக் கேட்காதீர்கள். அதில் மிருது இருக்கும், மணம் குறைவு. எலும்போடு உள்ளதைப் பகிர்ந்து சாப்பிடுங்கள். ஒயினிலும் துணை உணவுகளிலும்தான் பில் ஊதுகிறது. இரண்டு துணை உணவு மூன்று பேருக்குத் தாராளம். நியூயார்க் நகர விற்பனை வரி 8.875 சதவீதம், அதற்கு மேல் டிப்ஸ் 18, 20 என்று மனத்தில் வைத்தே மெனுவைப் படியுங்கள். நாங்கள் போனபோது லூகரில் கிரெடிட் கார்டு வாங்கவில்லை. ரொக்கமோ அமெரிக்க டெபிட் கார்டோ கொண்டுபோங்கள். இரவு மேசைக்குப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருந்தது. 300 டாலர் கனவிலும் முடியாது என்றால் மதிய வேளையில் மட்டும் கிடைக்கும் பர்கர் இருக்கிறது.

அப்பாவிடம் தொகையை மறைக்க நினைத்தேன். அவர் பில்லை எடுத்துப் பார்த்துவிட்டார். மனத்துக்குள் பெருக்கி, "25,000 ரூபாய்" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இளம் மாடு. தானியம் தின்றது. அதில் முதுகு மட்டும். அதையும் ஒரு மாதம் பூட்டிவைத்துக் கால்வாசியை எறிந்திருக்கிறான். நான் விற்றது உழுது ஓய்ந்த மாடு, எட்டுப் பல்லும் முளைத்துத் தேய்ந்தது. இவன் கூடுதலாக வாங்கவில்லை மக்களே" என்றார். பரிமாறியவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, தமிழிலேயே நன்றி சொன்னார்.

எலும்பைக் கட்டித் தரச் சொல்லி வாங்கி வந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்து வருவதற்குள் அப்பா அடுப்படியில் இருந்தார். சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு எலும்புச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் எலும்பைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ரம்பத்தில் அறுத்த முகத்தைக் கட்டைவிரலால் தடவி, சிராய் ஒன்றுகூட இல்லை என்று என் கணவரிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.